பூ இல்லாத காலத்தில் இத்தாலியத் தேனீ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னந்தோப்பில் தேனீ வளர்த்தால் கூடுதல் வருமானம் என்று வேலூர் பதிப்பில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் எந்தத் தேனீயை, யாருடைய பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பது என்ற பேச்சே அதில் இல்லை.

நான் ஒடுகத்தூர் பக்கம் தென்னைக்கு நடுவே நம் நாட்டு இனமான அடுக்குத் தேனீ வளர்க்கிறவள். போன ஐப்பசியில் வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்து மாந்தோப்பில் இத்தாலியத் தேனீப் பெட்டிகளை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். மா பூக்கத் தை ஆகும். அதுவரை அவ்வளவு தேனீக்கும் தீனி எங்கே? அடைமழையில் தென்னம்பாளை எத்தனை வாய்க்குத் தாங்கும்? அவர் சர்க்கரைப் பாகைத் தட்டுகளில் ஊற்றிப் பட்டப்பகலில் வெட்டவெளியில் வைத்தார். பாகு தீர்ந்ததும் அந்தக் கூட்டம் என் பெட்டிகளைத் தேடி வந்துவிட்டது.

இத்தாலியத் தேனீ உருவத்தில் பெரிது. நல்ல பெட்டியில் 60,000 வரைகூட இருக்கும். நம் அடுக்குத் தேனீ அதில் பாதி இருப்பதே அபூர்வம். வாசலில் காவல் தேனீக்கள் கட்டிப் புரண்டன. அடிப்பலகை முழுக்கச் செத்த தேனீ, கடித்துப்போட்ட மெழுகுத் தூள். இரைச்சலைக் கேட்டுவிட்டு, "பெட்டி நல்லா வேலை செய்யுது போல" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. வேலை நடந்தது உண்மைதான், என் தேன் அடுத்த தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. தேன் காலியானால் அடுக்குத் தேனீ அங்கே நிற்காது, ராணியோடு கிளம்பிவிடும். பாதிப் பெட்டிகள் அப்படித்தான் காலியாயின. கொட்டும் என்று ஊரே மலைத்தேனீக்குப் பயப்படுகிறது. அது என் பெட்டிப் பக்கம் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

இத்தாலியத் தேனீ மேல் எனக்குக் கோபம் இல்லை. 1991-92 வாக்கில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவில் அடுக்குத் தேனீயை வாரிக்கொண்டு போனபோது, தேன் தொழிலுக்குக் கைகொடுத்தது அதுதான். பூ நிறைய இருந்தால் இரண்டும் ஒரே தோப்பில் மேயும். பூ இல்லாத நேரத்தில்தான் பலமான பெட்டி நோஞ்சான் பெட்டியைக் கொள்ளையடிக்கும், எந்த இனமானாலும் சரி.

அதனால் வெளியூர்ப் பெட்டிகள் மரம் பூத்த பிறகு வரட்டும். வரும் முன் தோட்டக்கலைத் துறைக்கும் சுற்றியுள்ள வளர்ப்போருக்கும் தகவல் சொல்லட்டும். பாகைச் சாயங்காலத்தில், பெட்டிக்குள்ளேதான் வைக்க வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் பறக்கிற தேனீக்கு 'நாலு வரப்பு தள்ளித்தானே வைத்தேன்' என்பதெல்லாம் ஒரு பதிலா? மானியத்தில் பெட்டி கொடுக்கிறவர்கள், கொள்ளை தொடங்கினால் பெட்டி வாசலை எப்படிக் குறுக்குவது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

இந்த ஐப்பசிக்கும் லாரி வரும் என்கிறார்கள். அதற்குள் துறை அதிகாரிகள் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசினால் நல்லது.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்