டிக் போடாத ஒரு பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனை வைத்த பிறகு அம்மா அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவள் அழவில்லை, கவனித்தீர்களா? அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்" என்றாள். எனக்கு அது உறைக்கவே இல்லை. நீ கோபமாக இருக்கிறாய் என்று மட்டும்தான் நினைத்தேன். அதனால்தான் "விடும்மா, எல்லா இடத்திலும் இருக்கிறதுதானே" என்று சொல்லிவிட்டேன். தப்பான பதில். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

நீ சொன்னதில் அந்த வாட்ஸ்அப் குழு விஷயம்தான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வகுப்புப் பெற்றோர் 26 பேர் இருந்த குழு. வீட்டுப்பாடம் என்ன, யாருடைய தண்ணீர் பாட்டில் யார் பையில் வந்துவிட்டது என்று நாள் முழுக்கச் சத்தமாகக் கிடந்த இடம் பத்து நாளாக அடங்கிப்போயிருந்தது. எல்லாருக்கும் அலுத்துவிட்டது போல என்று நீயும் இருந்திருக்கிறாய். போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை மதியம், "நாலு மணிக்கு வந்துவிடுங்கள், நீச்சல் உடை மறக்க வேண்டாம்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. நீ படித்து முடித்த கையோடு அது காணாமல் போய், 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்ற 25 பேரும் வேறு வீட்டுக்குக் குடிபோயாகிவிட்டது, பழைய வீட்டில் நீ மட்டும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்பது அப்போதுதான் உனக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கடுத்த திங்கட்கிழமை வகுப்பில் 11 பிள்ளைகள் ஒரே மாதிரி பச்சைக் கைப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள், குட்டி எண்ணிக்கொண்டு வந்து சொன்னாள் என்றாயே, அதைக் கேட்டுத்தான் அம்மா எழுந்து உள்ளே போனாள். பார்ட்டிக்குக் கூப்பிடாததைக் குழந்தை எப்படியோ தாங்கிக்கொள்ளும். அடுத்த பள்ளி நாளில் கையில் கட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்களே, அதை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

ஆண்டு விழாவில் முக்கிய வேடம் ஒவ்வொரு வருஷமும் ஒரே பிள்ளைக்குத்தானா என்று கூட்டத்தில் நீ கேட்டதற்காகத்தான் இதெல்லாம் என்றாயே, அப்படிக் கேட்டதில் தப்பில்லை. கேட்ட விதம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும், நீ என் பெண். ஆனாலும் தப்பில்லை.

என்ன செய்வதென்று தெரியாவிட்டால் நான் படிக்க உட்கார்ந்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். இந்த வாரமும் அதுதான் நடந்தது. அமெரிக்காவில் சுனியா லூத்தர் என்று ஓர் உளவியலாளர் இருந்தார், இந்தியாவில் பிறந்தவர், 2023இல் காலமானார். நகரத்து ஏழைப் பிள்ளைகளின் கஷ்டங்களைப் பற்றித்தான் அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டுமே என்று வசதியான புறநகர்ப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார். 1999இல் வெளிவந்த முடிவு அவருக்கே ஆச்சரியம். பதற்றம், போதைப்பழக்கம் போன்றவற்றில் வசதியான பிள்ளைகள்தான் மோசமாக இருந்தார்கள். அதன் பிறகு அவர் தன் காலத்தில் பெரும்பகுதியை இந்தப் பிள்ளைகளுக்கே செலவழித்தார். சாதித்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியும், வீட்டுப் பெரியவர்களோடு ஒட்டாமல் போவதும்தான் அவர் முக்கியமாகச் சுட்டிய காரணங்கள். 2019இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட அறிக்கை, சாதனைக்குப் பெயர்போன பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளையும் ஆபத்தில் இருப்பவர்களோடு சேர்த்தே எண்ணியது.

இதைப் படித்ததும் எனக்கு உங்கள் தெரு ஞாபகம் வந்தது. அங்கே இருக்கிற எல்லாரும் அந்தப் பள்ளிக்காகவே வீடு வாங்கியவர்கள். வருமானம் ஏறக்குறைய ஒன்று, கார் ஒன்று, பிள்ளைகள் போகிற கோச்சிங்கூட ஒன்று. எல்லாரும் ஒரே உயரத்தில் நிற்கும்போது அரை அங்குலம்கூடக் கண்ணுக்குத் தெரியும். பத்துப் பேரில் ஒருவர்தான் முதலில் வரமுடியும், பத்துப் பேரும் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள். அப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண் என் வீட்டுக் கவலையாகிவிடுகிறது. கையை ஓங்கி அடிக்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. 'ஐயோ, உங்களுக்குச் சொல்லவில்லையா?' என்பதுதான் அவர்கள் அடி. இதை எந்தப் புகார்ப் புத்தகத்தில் எழுதுவது? வெளியில் சொல்லவும் வெட்கம். இவ்வளவு செலவழித்து வந்த இடம் சரியில்லை என்று யார்தான் வாய்விட்டுச் சொல்வார்கள்?

சரி, இப்போது சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். இதைத்தான் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

1998. நீ ஆறாம் வகுப்பு. நான் பெற்றோர் சங்கப் பொருளாளர். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்காருவாளே, இரட்டைப் பின்னல்காரி, அவள் வீட்டை ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டைவிடப் பெரிது. அந்த வருஷம் அவள் அப்பாவுக்கு வியாபாரம் நொடித்துவிட்டது. முதலில் கார் போனது. காலையில் அவர் பெண்ணைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிவருவார், வாசலில் நின்ற நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரிப்போம், அவர் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். நம் மாதிரி இடங்களில் பணம் இல்லை என்பதைக்கூட மன்னித்துவிடுவார்கள். இருந்த பணம் போய்விட்டது என்பதுதான் மன்னிக்க முடியாத குற்றம், ஒட்டிக்கொள்ளுமோ என்று பயம்.

மூன்று நாள் சுற்றுலாவுக்குப் பணம் வசூலித்துக்கொண்டிருந்தோம். 41 பிள்ளைகள். கடைசித் தேதி முடிந்த அன்று இரவு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் ஒரு பட்டியல் டைப் அடித்தேன். அகர வரிசையில் 41 பெயர், எதிரே டிக். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் வெற்றிடம். அதை 41 நகல் எடுத்து ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பினேன். அவர்கள் வீட்டுக்கும்தான்.

என் மனதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கு வெளிப்படையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் என்று. அம்மா அன்றைக்கே கேட்டாள்: "ஒரே ஒரு பெயர்தானே காலியாக இருக்கிறது? அதை அவர்களிடம் மட்டும் கேட்டிருக்கலாமே, ஊருக்கெல்லாம் எதற்கு?" உனக்கு இதெல்லாம் புரியாது என்றேன். எனக்குப் புரிந்திருந்தது, பாப்பா. பட்டியலை அனுப்பச் சொன்னது சங்கத் தலைவர். அவருக்கு அந்தக் குடும்பத்தோடு பழைய மனத்தாங்கல் ஒன்று உண்டு, அது எனக்குத் தெரியும். அவர் சொன்னதை மறுத்தால் அடுத்த கூட்டத்தில் என் நாற்காலி எங்கே இருக்கும் என்பதும் தெரியும்.

அந்தப் பெண் சுற்றுலாவுக்கு வரவில்லை. நீங்கள் எல்லாரும் திரும்பிவந்த நான்காம் நாள் அவள் அப்பா நம் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பணத்தை எண்ணி மேசையில் வைத்தார். "பெண்தான் போகவில்லையே, எதற்கு?" என்றேன். "டிக் போட்டுவிடுங்கள் சார்" என்றார். ரசீது கேட்டார். நான் ரசீது எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. பேனாவை எடுத்து, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திருத்திய பட்டியலை யாருக்கும் அனுப்பவில்லை. அந்த வருஷக் கடைசியில் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு முன்பே நீ பெஞ்சு மாறி உட்கார்ந்திருந்தாய். நான் உன்னிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, சொல்லவேண்டிய தேவையே இருக்கவில்லை. தாள் வீட்டுக்கு வந்திருந்ததே.

பின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 1996இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பள்ளியில் ஒரு பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது என்பது இரண்டு பேர் விவகாரம் இல்லையாம். தொடங்குகிறவர், கூடச் சேர்ந்து செய்கிறவர், சிரித்து ஊக்கப்படுத்துகிறவர், ஒதுங்கி நிற்கிறவர், பாதிக்கப்பட்டவருக்காக வந்து நிற்கிறவர் என்று வகுப்பே அதில் வேஷம் கட்டுகிறது என்கிறார்கள். படித்துக்கொண்டே வந்தவன் இரண்டாவது வகையில் நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் நான் என்னை நாலாவதில் வைத்திருந்தேன்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், ஃபோனில் நீ சொன்ன அந்தத் திட்டம். குட்டியின் பிறந்தநாளுக்கு வகுப்பையே கூப்பிட்டு, முக்கிய வேடம் வாங்கும் அந்த ஒரு பிள்ளையை மட்டும் விட்டுவிடப் போகிறேன் என்றாய். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் வெற்றிடம் விடுவது என்ன என்று எனக்குத் தெரியும். செய்யாதே. எல்லாரையும் கூப்பிட மனமில்லையா, நாலே நாலு பேரைக் கூப்பிடு. நாலு பேரைக் கூப்பிட்டால் யாரும் விடுபட்டதாக ஆகாது.

இன்னொன்று. உனக்கு நடப்பதையும் குட்டிக்கு நடப்பதையும் ஒரே மூட்டையாகக் கட்டாதே. பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் கொடுமையை ஆராய்வதில் முன்னோடி என்று சொல்லப்படும் டான் ஓல்வேயஸ் மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்: வேண்டுமென்றே செய்கிறார்களா, திரும்பத் திரும்ப நடக்கிறதா, எதிர்த்து நிற்க முடியாத அளவுக்குப் பலத்தில் வித்தியாசம் இருக்கிறதா. அம்மாக்கள் உனக்குச் செய்தது இந்த மூன்றுக்கும் பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. குட்டியின் வகுப்பில் நடப்பது இதுவரை ஒரு பார்ட்டியும் ஒரு கைப்பட்டையும். அது தொடர்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவை: என்ன நடந்தது, எங்கே, யார் இருந்தார்கள். உன் ஊகத்தை அதில் எழுதாதே. (கணக்குப்பிள்ளை புத்தி என்று சிரிக்காதே, இந்த ஒரு இடத்தில் அது உதவும்.) தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடம் போ. அங்கே அந்த அம்மாக்களைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. சாப்பாட்டு நேரத்தில் குழந்தை யார் பக்கத்தில் உட்காருகிறாள், குழு வேலைக்கு ஆள் பிரிக்கும்போது பிள்ளைகளே தேர்ந்தெடுக்கிறார்களா, நீங்கள் பிரித்துவிட முடியுமா என்று கேள். பதில் எப்போது தெரியும் என்று ஒரு தேதியும் கேட்டு வாங்கு. எதிர்வீட்டு அம்மாவிடம் நேராகப் போய் நியாயம் கேட்டால் அது இரண்டு வீட்டுச் சண்டையாகிவிடும், நடுவில் குட்டி மாட்டிக்கொள்வாள். இரவு பத்து மணிக்கு மேல் எந்தக் குழுவிலும் எதையும் எழுதாதே.

தினமும் பள்ளி விட்டு வந்ததும், "இன்றைக்கு யார் உன்னோடு பேசவில்லை?" என்று கேட்கிறாயாமே, குட்டி அம்மாவிடம் சொன்னாள். அதை நிறுத்து. பாவம், உனக்குப் பதில் சொல்லவே அவள் எண்ணிக்கொண்டு வருகிறாள். அந்தப் பள்ளிக்காரர்கள் யாருமே வராத ஓர் இடத்தில் அவளைச் சேர்த்துவிடு. சதுரங்கமோ, பாட்டோ, நூலகமோ, எதுவானாலும் சரி. கோப்பை வாங்குவதற்காக வேண்டாம், அவளுக்கென்று இன்னொரு வட்டம் இருக்கட்டும்.

கனடாவில் பள்ளி மைதானங்களில் ஒளிப்பதிவு செய்து பார்த்து 2001இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சீண்டல் நடக்கும்போது கூட இருக்கிற பிள்ளைகளில் யாராவது குறுக்கே வந்தால், பாதிக்கு மேற்பட்ட தடவை அது 10 வினாடிக்குள் நின்றுபோகிறதாம். பத்தே வினாடி. 1998இல் எனக்கு ஓர் இரவு முழுக்க இருந்தது.

அந்த நீக்கிய செய்தியைப் பற்றி ஒரு சந்தேகம். கை தவறித்தான் பழைய குழுவில் வந்தது என்று நீ முடிவே கட்டிவிட்டாய். அனுப்பியவர், குட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது நோட்டுகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தவர் என்றும் நீயேதான் சொன்னாய். கை தவறியிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவரைத் தனியாக ஒருநாள் நடக்கக் கூப்பிட்டுப் பாரேன். எதையும் கேட்கவேண்டாம், சும்மா நடந்துவிட்டு வா.

அப்பா

பி.கு.: 12ஆம் தேதி காலை வண்டிக்கு எனக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் போட்டாயிற்று. இருக்கிற மூன்று வாரமும் குட்டியைப் பள்ளியில் விடுவது என் வேலை, நடந்தே கூட்டிப்போகிறேன். இன்னொன்று, அந்த இரட்டைப் பின்னல்காரி இப்போது எங்கே இருக்கிறாள் என்று உன் பழைய சிநேகிதிகள் யாருக்காவது தெரியுமா? அவள் அப்பா இருக்கிறாரா என்று முதலில் விசாரி.