கண்ணாடியில் காய்ந்த கல்

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

நேற்று வீடியோ காலில் பால்கனிக் கதவுக் கண்ணாடியில் படிந்த வெள்ளைக் கறையைக் காட்டி, "எத்தனை தேய்ச்சாலும் போக மாட்டேங்குதுப்பா, காலி பண்ணும்போது ஓனர் அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவார் போல" என்று சொன்னாய். நான் பதில் சொல்வதற்குள் உன் அம்மா பேரனைப் பார்க்கணும் என்று போனை வாங்கிக்கொண்டாள். மறுபடி போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்பாய், வைத்ததும் மறந்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும், அந்த ஆசிட் பாட்டிலை வாங்கி வந்தது அவர்தானே.

முதலில் அந்த பாட்டிலை மூடி எடுத்து வை. கண்ணாடிக்கு அது வேண்டாம். பாத்ரூம் ஆசிட் என்று விற்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கறையைக் கரைக்கும், மறுக்கவில்லை. ஆனால் உன் கதவுச் சட்டம் அலுமினியம். ஆசிட் பட்ட இடம் புள்ளி புள்ளியாக அரித்துப் போகும், அதற்கும் சேர்த்து ஓனர் பிடிப்பார். வேலைக்கு வரும் அக்கா பால்கனித் தரைக்கு பிளீச்சிங் பவுடர் போடுவதாகவும் சொன்னாய். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். குழந்தை தவழ்கிற வீடு.

நீ தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோனதற்குக் காரணம், அதை அழுக்கு என்று நினைத்ததுதான். அது கல். சென்னையில் உங்கள் ஓ.எம்.ஆர். பக்கம் போர்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்துதான் உங்கள் தொட்டிக்கு ஏறுகிறது. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். தண்ணீர் காயும்போது கரியமில வாயு பறந்துவிடும், சுண்ணாம்புக்கல் கண்ணாடியிலேயே தங்கிவிடும். குடிநீரில் இந்தச் சுண்ணாம்பு, மக்னீசியத்தின் அளவு, அதாவது கடினத்தன்மை, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் தண்ணீர் அந்த 600-லேயே நிற்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 15 லிட்டர் பக்கெட் ஒன்றில் 9 கிராம் கல் கரைந்திருக்கிறது. கண்ணாடியைக் கழுவி அப்படியே காய விட்டால், தினமும் கொஞ்சம் சுண்ணாம்பு அடித்த மாதிரிதான்.

மில்லில் பாய்லர் பார்த்த ஆளிடம் இதைக் கேட்டுவிட்டாய், இனி நிறுத்த மாட்டேன். நான் சேர்ந்த புதிதில், பாய்லரை நிறுத்தித் திறந்தபோது மேஸ்திரி குழாயிலிருந்து ஒரு சில்லைத் தட்டி எடுத்து என் கையில் வைத்தார். முட்டை ஓடு மாதிரி, ஆனால் அதைவிடத் தடிமன். உடைந்த ஓரத்தைப் பார்த்தால் வெள்ளையும் சாம்பலுமாக வரி வரியாக இருந்தது. "தண்ணி தாண்டா இது" என்றார். அதற்கப்புறம் ரிட்டயராகும் வரை தினமும் காலையில் முதல் வேலை தண்ணீர் டெஸ்ட்தான். குடுவையில் கொஞ்சம் தண்ணீர், சில சொட்டு பஃபர் கரைசல், ஒரு சிட்டிகை நிறம் காட்டும் இண்டிகேட்டர் பொடி. நீலமாக வந்தால் நிம்மதி. கொஞ்சம் சிவப்பு தட்டினாலும், சுண்ணாம்பை எடுக்கும் சாஃப்ட்னர் மெஷினுக்கு உப்புக் கரைக்க ஓட வேண்டும். நாங்கள் 'ஸ்கேல்' என்று சொன்னதுதான் உன் கதவில் இருப்பதும்.

இன்னொன்றைக் கவனித்திருப்பாய். துடைக்கும்போது கறை மறைந்துவிடும், காய்ந்ததும் திரும்பி வரும். ஈரம் அந்தச் சொரசொரப்பின் பள்ளத்தை நிரப்பிவிடுவதால் வெளிச்சம் சிதறாமல் போகிறது, அவ்வளவுதான். கல் அங்கேயேதான் இருக்கிறது. சோப்பு அதை ஒன்றும் செய்யாது. அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறாயே, அதே மாதிரி இங்கேயும் புளிப்புதான் வேலை செய்யும்.

மளிகைக் கடையில் லெமன் சால்ட் கேள். சிட்ரிக் ஆசிட்தான் அது, விலையும் அதிகம் இல்லை. அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டுக் கரை. இல்லையென்றால் வெள்ளை வினிகரை அப்படியே எடுத்துக்கொள். கையுறை போட்டுக்கொள். ஸ்ப்ரே செய்தால் வழிந்து ஓடிவிடும், கல் கரைய நேரம் கிடைக்காது. அதனால் பழைய வேட்டித் துணியை நனைத்துக் கண்ணாடியில் ஒட்ட வை, காயாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் கவரை விரி. பதினைந்து நிமிடம். துணியை எடுத்த இடத்தில் உற்றுப் பார்த்தால் சின்னச் சின்னக் குமிழி தெரியலாம். கல் கரைகிறது என்று அர்த்தம். அப்புறம் மெல்லிய ஸ்பாஞ்சால் வட்டமாகத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, வைப்பரால் மேலிருந்து கீழே இழுத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடை. பல வருஷக் கறை ஒரே தடவையில் போகாது. மூன்று நான்கு முறை செய். காலையிலேயே செய்துவிடு. உன் பால்கனியில் சாயங்கால வெயில் விழும், சூடான கண்ணாடியில் எதைப் பூசினாலும் நொடியில் காய்ந்து புதுக் கறையாகிவிடும். கம்பி நார், உப்புத்தாள் பக்கமே போகாதே. பிளேடு வைத்துச் சுரண்டுவார்கள், அது பழகிய கைக்குத்தான் வரும். டஃபன்டு கண்ணாடியாக இருந்தால் கோடு விழுந்துவிடும்.

சட்டத்தின் ஓரத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள், கீழே ஒரு பழைய டவலை மடித்துப் போடு. முக்கியமாக அடுக்களை ஜன்னலுக்கு. அதன் அடியில் கறுப்புக் கல் பதித்திருப்பதைப் பார்த்தேன். கிரானைட்டாக இருந்தால் பரவாயில்லை, கடப்பாக்கல்லாக இருந்தால் ஜாக்கிரதை. கடப்பாவும் சுண்ணாம்புக்கல் இனம்தான். ஜன்னல் கறையைக் கரைப்பது அதையும் கரைக்கும். இது புத்தகத்தில் படித்ததில்லை. நீ ஹாஸ்டலில் இருந்த வருஷம், நம் வீட்டு அடுக்களை ஜன்னலைப் பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று வினிகரை ஊற்றி, காப்பி குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தால் மேடையில் வெளிறின தடம், இந்தியா மேப் மாதிரி. பாய்லர் பார்த்த ஆளுக்கு இது தெரிய வேண்டாமா என்று உன் அம்மா கேட்டாள். இன்றைக்கும் அதன் மேல்தான் மிக்ஸியை வைத்து மறைத்திருக்கிறாள்.

நாலு தடவை போட்டும் அசையாமல், நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படாமல், மங்கல் மட்டும் நிற்கிறது என்றால் கண்ணாடியின் மேல்பரப்பே அரித்துப்போயிருக்கிறது. சிமெண்டுச் சுவரிலிருந்து வழியும் மழைத் தண்ணீர் காரத்தன்மையோடு வரும், புதுக் கட்டடத்தில் அது கண்ணாடியைத் தின்றுவிடும். அதைக் கரைக்க எதுவும் கிடையாது. சீரியம் ஆக்ஸைடு என்ற பொடியை வைத்து பாலிஷ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் வேலை. அப்படி இருந்தால் இப்போதே போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பி வை, காலி செய்யும் நாள்வரை காத்திருக்காதே.

சரி, மறுபடி வராமல் இருக்க. பால்கனியில் செடிக்கு நீ பைப்பால் பீய்ச்சுகிறாய், பாதி கதவில் படுகிறது. கறை இடுப்பு உயரம் வரைக்கும்தான் இருக்கிறது, மேலே இல்லை, வீடியோவிலேயே தெரிந்தது. தொட்டிகளை ஒரு அடி தள்ளி வைத்து, பூவாளியால் வேரில் ஊற்று. ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணீரைப் பிடித்து ஜன்னல் கழுவுகிற வழக்கம் உனக்கு உண்டு. சிக்கனம் நல்லதுதான், ஆனால் மெஷின் ஒதுக்கித் தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரைக்கு வைத்துக்கொள். கண்ணாடிக்குக் கடைசி அலசல் ஏ.சி. தண்ணீரில். காற்றிலிருந்து குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர் அது, சுண்ணாம்பு கிடையாது. ராத்திரி பைப்புக்கு அடியில் ஒரு பக்கெட்டை வை, காலையில் உனக்கு வேண்டியது சேர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் இதேதான்: மழைத் தண்ணீர் சுத்தம், சுவரில் வழிந்து வருவதுதான் வம்பு. விட்டதும் ஒரு தடவை வைப்பர் போடு.

கார் கண்ணாடிக்குப் பூசும் தண்ணீர் ஒட்டாத திரவத்தைப் பற்றி மாப்பிள்ளை கேட்டாராம். பூசலாம். ஆனாலும் சொட்டு நின்று காய்ந்தால் புள்ளி விழத்தான் செய்யும், சில மாதத்தில் திரும்பப் பூச வேண்டும். என்னைக் கேட்டால் வைப்பரே போதும். அசோசியேஷன் மீட்டிங்கில் சாஃப்ட்னர் பேச்சு வந்தால் கை தூக்கச் சொல். அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். கறை சுத்தமாக நின்றுவிடாது, ஆனால் விழுவது ஈரத்துணிக்கே போகும். உங்கள் கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் ஆயுசு கூடும். உப்பு போட ஆள் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல், பல இடங்களில் மெஷின் இருக்கும், உப்பு இருக்காது.

கதவின் வெளிப்பக்கத்தை பால்கனியில் நின்று துடைத்துக்கொள். அடுக்களை ஜன்னலுக்கு வெளியே எட்டிக் கை நீட்டாதே, மூன்றாவது மாடி. அதற்கு ஆள் வைத்துக்கொள், காசு நான் அனுப்புகிறேன்.

அடுத்த மாதம் வரும்போது சிறுவாணித் தண்ணீர் இரண்டு கேன் கொண்டு வரட்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கண்ணாடிக்கு இல்லை, காப்பிக்கு.

அன்புடன்,
அப்பா