இந்தியா மேசைக்கு இருநூறு தட்டு

அன்புள்ள பாப்பா,

வகுப்புப் பெற்றோர் பிரதிநிதி வேலையை நீ ஏற்றுக்கொண்டதையும், அக்டோபரில் உங்கள் சிங்கப்பூர் பன்னாட்டுப் பள்ளியில் நடக்கும் ஐ.நா. தின விழாவின் இந்தியா மேசை உன் தலையில் விழுந்ததையும் மாப்பிள்ளை சொன்னார். போனில் சொன்னால் பாதி காற்றோடு போகும், அதனால் எழுதுகிறேன்.

200 பேர் என்றதும் பந்திக் கணக்குப் போடாதே. வருகிறவர்கள் ஒவ்வொரு நாட்டு மேசையிலும் ஒரு வாய் ருசி பார்த்துவிட்டு நகர்வார்கள். தட்டுக்கு மூன்று மினி இட்லி போதும். 600 மினி இட்லிக்கு ஏறக்குறைய 2 கிலோ இட்லி அரிசி, அரை கிலோ உளுந்து. மாவை ஒரே வீட்டில் அரைத்து மூன்று வீட்டுக்குப் பிரித்துக் கொடு. அவரவர் அரைத்தால் ஒரு டப்பாவில் பஞ்சும் அடுத்த டப்பாவில் கல்லும் வரும். சிங்கப்பூர் வெக்கையில் மாவு சீக்கிரம் பொங்கிவிடும், ஏசி அறையில் வைத்தால் அசையாது. அதனால் சமையலறையிலேயே வைத்து, பொங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிடு.

சமைத்த நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்பது அங்கே கேட்டரிங்காரர்கள் ஒட்டுகிற சீட்டிலேயே இருக்கும். பத்து மணி விழாவுக்கு ஏழு மணிக்கு அவித்தால் பதினொன்றுக்குள் மேசை காலியாக வேண்டும். விடிகாலை நாலரைக்கே எழுந்து அவித்து வைக்கிற சாமர்த்தியம் வேண்டாம்.

தேங்காய்ச் சட்னியும் வேண்டாம். அது முதலில் கெடும், தட்டிலிருந்து பிள்ளைகளின் சட்டைக்கும் போகும். பொடி இட்லிதான் சரி. ஆனால் நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடமும் அந்தப் பொடிதான். பள்ளியில் நிலக்கடலை, முந்திரி கூடாது என்பது உனக்குத் தெரியும். எள் ஒவ்வாத குழந்தைகளும் உண்டு. பொடியில் எள்ளை விட்டுவிட்டு நல்லெண்ணெயில் புரட்டினால் என்ன பயன்? நல்லெண்ணெய் எள்ளிலிருந்து வருவது என்பது நம் பெண்களுக்கே அவசரத்தில் நினைவு வருவதில்லை. அடுத்தது பெருங்காயம். தூள் டப்பாவைத் திருப்பிப் பார், பெரும்பாலானவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை சேராத பிள்ளைக்கு இட்லி ஒன்றும் செய்யாது, ஆனால் ஒரு சிட்டிகைப் பெருங்காயம் விழுந்த பொடி ஆகாது. அதனால் தட்டுக்கு முன்னால் வைக்கிற அட்டையில் 'இட்லி' என்று மட்டும் எழுதாமல் எண்ணெய் உட்பட ஒவ்வொரு பொருளையும் எழுது. வீட்டில் செய்ததற்கு 'ஹலால்' என்று நீயாக அட்டை வைக்காதே. அங்கே அந்தச் சான்றைக் கொடுப்பது முயிஸ், அதாவது சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம். சைவம், முட்டை இல்லை என்று உள்ளதை எழுதிவிடு, சாப்பிடலாமா என்று வருகிறவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.

இட்லி மட்டும் இந்தியா ஆகிவிடாது. குஜராத்திக் குடும்பத்தைக் கேட்டால் டோக்ளா வரும், வங்காளிக் குடும்பத்திலிருந்து ஒரு இனிப்பு வரும். மூன்று பண்டத்தோடு நிறுத்திக்கொள். நான்காவதற்கு இடம் கொடுத்தால் 'எங்கள் மாநிலம் மட்டும் ஏன் இல்லை' என்று ஆரம்பித்து பத்தில் போய் நிற்கும். தீபாவளியும் அதையொட்டியே வருகிறது, அக்டோபர் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. உதவிக்குப் பெயர் கொடுத்த எல்லாரும் வரமாட்டார்கள் என்றே திட்டம் போடு.

சூடாக வைக்க இண்டக்ஷன் அடுப்பு கொண்டுபோனால் ஒரு சாக்கெட்டுக்கு ஒன்றுதான். அங்கே 13 ஆம்பியர் பிளக், அதாவது ஏறக்குறைய 3,000 வாட். 2,000 வாட் அடுப்பு இரண்டை ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகினால் ஃப்யூஸ் போகும், பக்கத்து மேசைக்காரர்களும் உன்னைப் பார்ப்பார்கள். குத்துவிளக்கு ஏற்றலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள். கூடாது என்றால் பேட்டரி விளக்கு போதும், அதற்கு மல்லுக்கட்ட வேண்டாம். நாடுகளின் ஊர்வலத்தில் சின்னவனுக்கு வெல்க்ரோ வைத்த வேட்டியே கட்டு. உள்ளே அரைக்கால் சட்டை கட்டாயம்.

பிரதிநிதி வேலையைப் பற்றிக் கொஞ்சம். நம் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. உன் பதவிக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. கட்டணம், ஆசிரியர் மாற்றம் எதிலும் உனக்குச் சொல் இல்லை. செய்தி சொல்வதும் புதிதாக வந்தவர்களைச் சேர்த்துக்கொள்வதும்தான் வேலை. பெற்றோரின் போன் எண்களைப் பள்ளி தானாகத் தராது, சிங்கப்பூரில் 2012-ல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதைக் கட்டுப்படுத்துகிறது. வகுப்புப் பெற்றோரின் போன் செய்திக் குழுவில் சேர்வதற்கான க்யூஆர் கோடை வகுப்பாசிரியர் வழியாக அனுப்பச் சொல், விருப்பப்பட்டவர்கள் சேரட்டும். ஆசிரியரைப் பற்றிய புகார் குழுவில் எழுந்தால் பதில் எழுதாமல், நேரே அவருக்கே மெயில் போடச் சொல்லி அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பு.

ஜப்பானிய, கொரிய அம்மாக்களில் பலர் உன் செய்தியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத்தான் படிப்பார்கள். குட்டி வாக்கியம், தேதி, கிழமை, மணி, எந்த வாசல். பேச்சுவழக்கு வேண்டாம். ஆஸ்திரேலியர்கள் 'ப்ரிங் எ ப்ளேட்' என்று எழுதினால் பலகாரம் கொண்டு வா என்று பொருள். அது புரியாமல் காலித் தட்டோடு வந்து நிற்கிறவர்கள் உண்டு. அப்படி நின்ற அம்மா அடுத்த முறை வரமாட்டாள்.

இந்த மாதிரிப் பள்ளிகளில் வேலை மாற்றலில் இரண்டு மூன்று வருஷத்துக்கொரு தரம் குடும்பங்கள் கிளம்பிவிடும். அனுபவமும் அவர்களோடு விமானம் ஏறிவிடும், அதனால்தான் வருஷா வருஷம் அதே ஃப்யூஸ் போகிறது. விழா முடிந்த ராத்திரியே ஒரு பக்கம் எழுதி வை: எத்தனை தட்டு போனது, எது மிஞ்சியது, எந்தச் சாக்கெட் வேலை செய்யவில்லை, மேசைவிரிப்பு யார் வீட்டில் இருக்கிறது. மறுவாரம் எழுதலாம் என்றால் மேசைவிரிப்பு மறந்துபோகும்.

மாப்பிள்ளையின் தங்கை அடுத்த மாதம் வருகிறாளாம், அவளிடம் பொடி கொடுத்துவிடுகிறேன். எள்ளும் பெருங்காயமும் இல்லாதது சிவப்பு நூல் கட்டிய பொட்டலம், முக்கால் கிலோ. அதைச் சூரியகாந்தி எண்ணெயில் புரட்டு. வெள்ளை நூல் கட்டியது வீட்டுக்கு, அதை மேசைக்குக் கொண்டுபோய்விடாதே.

அம்மா