வெள்ளைக் கொக்கும் மூன்று லட்சமும்

திருநெல்வேலி,
ஐப்பசி கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய மூன்று பறவைப் படமும், கூடவே பறவை எடுக்கப் புதுக் கேமரா, லென்ஸ் வாங்கலாமா என்ற அந்த நீளமான கேள்வியும் வந்து சேர்ந்தன. போனிலேயே பதில் தட்டலாம் என்று உட்கார்ந்தேன். நாலு வரிக்குள் கட்டைவிரல் மரத்துவிட்டது. மழை வேறு விட்டபாடில்லை, வெளியே கால் வைக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பேப்பரும் பேனாவும்.

முதலில் வீட்டுச் சேதி. ஸ்டூடியோவை மருமகன் கையில் கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. பாதிக் கடையில் ஜெராக்ஸ், மீதியில் பாஸ்போர்ட் சைஸ். இருட்டறை இருந்த இடத்தில் ஏ4 பேப்பர் கட்டுகளை அடுக்கியிருக்கிறான். சிவப்பு பல்பு மட்டும் இன்னும் தொங்குகிறது. அதைக் கழற்றக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி, அதான் உன் தங்கச்சிக்கு, முட்டுவலி. மாடிக்கு ஏறுவதில்லை, அதனால் மாடியில் நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. கேமராவைத் துடைத்துத் துடைத்து வைக்கிறேன், வேறென்ன.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர்மெண்ட் பணத்தில் மூன்று லட்சம் ஒதுக்கியிருக்கிறாய். புது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத வகைக் கேமரா) பாடி, தூரத்தைக் கிட்டே காட்டும் 600 மி.மீ. லென்ஸ், கார்பன் டிரைபாட் என்று பையன் லிஸ்ட் போட்டுக் கொடுத்திருக்கிறான். லிஸ்ட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விவரம் தெரிந்துதான் போட்டிருக்கிறான். ஆனால் நீ அனுப்பிய மூன்று படத்தில் இரண்டின் கோளாறை அந்த லிஸ்ட்டில் இருக்கும் எந்தச் சாமானும் தீர்க்காது. மூன்றாவதைப் பாதி தீர்க்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் படம், சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பில் எடுத்த வெள்ளைக் கொக்கு. பின்னால் கோரைப்புல், கருப்பாக நிழல். நடுவில் கொக்கு இருக்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பு தடவியது மாதிரி ஒரு வெள்ளை. இறகு ஒன்றுகூடத் தெரியவில்லை. 'எட்டவில்லை, லென்ஸ் பத்தவில்லை' என்று எழுதியிருக்கிறாய். அது காரணமில்லை. கேமராவுக்குள் இருந்து வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்குக் கொக்கும் தெரியாது, கோரையும் தெரியாது. கண்ணில் படுவதையெல்லாம் கலந்து நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். உன் படத்தில் முக்கால்வாசி இருட்டு. அதை வெளிச்சமாக்குகிறேன் என்று அது கூடுதல் ஒளியை உள்ளே விட்டது, கொக்கு வெந்துவிட்டது. உன் நிக்கான் டி5300 கேமராவில் ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்தில் பிளஸ்–மைனஸ் போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்திக்கொண்டு பின்னாலிருக்கும் சக்கரத்தைத் திருப்பி மைனஸ் 1-இல் வை, உள்ளே வரும் ஒளி பாதியாகும். இறகு வந்துவிடும்.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'வெள்ளைக்கு மைனஸ்' என்று மனப்பாடம் பண்ணிவிடாதே. அதே கொக்கு கிட்டே வந்து படம் முழுக்க அடைத்து நின்றால், மீட்டர் அந்த வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். அப்போது பிளஸ் போட வேண்டும். வெளிறிய வானத்தில் பறந்தாலும் பிளஸ்தான், இல்லையென்றால் வயிறு கருத்துப்போகும். காக்கா படம் முழுக்க அடைத்தால் மைனஸ். பறவை என்ன நிறம் என்பதை விடச் சட்டத்துக்குள் எது அதிகம் இருக்கிறது என்று பார். கல்யாண வீட்டில் இதை நான் காசு கொடுத்துப் படித்தவன். மாப்பிள்ளைக்கு வெள்ளைப் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. பெண்ணுக்கு அரக்குப் பட்டு. பின்னால் மண்டபத்து இருட்டு. ஆரம்பத்தில் எடுத்த ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சட்டை இருந்த அடையாளமே இல்லை. பெண் வீட்டார் பாக்கிப் பணத்தைத் தரவில்லை, அவர்கள் மேல் தப்பும் இல்லை.

மொட்டை மாடியிலேயே பழகலாம். கொடியில் ஒரு வெள்ளைத் துண்டு, பக்கத்தில் ஒரு கருப்புக் குடை. மைனஸ் 2-இலிருந்து பிளஸ் 2 வரை ஒவ்வொரு படியாக எடுத்துப் பார். ஒரு காலை போதும். உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்லாதே.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, பிலிம் டப்பாவோடு வரும் துண்டுச்சீட்டில் சூரியன், மேகம், நிழல் என்று பொம்மை போட்டிருப்பான்? நல்ல வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப் 16 (எண் கூடக்கூடத் துவாரம் சின்னது), ஷட்டர் வேகம் பிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் ஏ.எஸ்.ஏ. எண். கேமராவில் மீட்டரே இல்லாத காலத்தில் நாங்கள் அதை வைத்துத்தான் ஓட்டினோம். இன்றைக்கும் அதே கணக்குதான். ஏ.எஸ்.ஏ.-வுக்கு இப்போது ஐ.எஸ்.ஓ. என்று பெயர். ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் எஃப் 16-க்கு 1/400 நொடி, எஃப் 5.6-க்குத் திறந்தால் 1/3200. வெள்ளைப் பறவைக்கு அதிலிருந்து ஒரு படி குறைத்துக்கொள். வெயில் உச்சியில் இருக்கும்போது மீட்டரை நம்பலாமா என்று சந்தேகம் வந்தால் இதை வைத்துச் சரிபார். காலை ஏழு மணி இளவெயிலுக்கு இது பொருந்தாது.

இரண்டாவது, வெண்மார்பு மீன்கொத்தி. நீ ரோட்டு மேட்டில் நின்றுகொண்டு கீழே குனிந்து எடுத்திருக்கிறாய். தலையும் முதுகும் தெரிகிறது, பின்னணியில் சேறும் ஒரு பால் கவரும். இதையே 600-இல் எடுத்திருந்தால் சேறும் பால் கவரும் இன்னும் பெரிதாக வந்திருக்கும். உட்கார், முடிந்தால் படு. பறவையின் கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் பின்னணி தள்ளிப்போகும், அதனால் மங்கும், பறவை தனியாக எழுந்து நிற்கும். நம் வயசுக்குப் படுத்தால் எழுவது கஷ்டம்தான். ஒரு பழைய உரச்சாக்கும், கைகொடுக்கப் பக்கத்தில் ஒரு ஆளும் வைத்துக்கொள்.

மூன்றாவது, பறக்கும் கூழைக்கடா. மொத்தமும் கலங்கல். விவரத்தைப் பார்த்தேன், 1/250 வைத்திருக்கிறாய். இறக்கை அடிக்கும் பறவைக்கு 1/2000 வை. வெளிச்சம் பத்தவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ. 1600, 3200 வரை ஏறட்டும். புள்ளி புள்ளியாக வந்தால் வரட்டும். புள்ளியைக் கம்ப்யூட்டரில் ஓரளவு குறைக்கலாம், கலங்கலை ஒன்றும் செய்ய முடியாது. ஃபோகஸை, நகரும் பறவையை விடாமல் தொடரும் ஏ.எஃப்-சி-க்கு மாற்று. அப்புறம் மெனுவுக்குள் போய், வலது கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கும் ஏ.இ.எல்–ஏ.எஃப்.எல் பொத்தானுக்கு ஃபோகஸ் வேலையைக் கொடுத்துவிடு. கட்டைவிரல் ஃபோகஸுக்கு, ஆள்காட்டி விரல் ஷட்டருக்கு. மூன்று நாள் எரிச்சலாக இருக்கும், நாலாவது நாள் பழைய முறைக்குத் திரும்ப மனசு வராது.

புது மிரர்லெஸ் உதவும் என்று சொன்னேனே, அது இந்த இடத்தில்தான். பறவையின் கண்ணை அதுவே கண்டுபிடித்துப் பற்றிக்கொள்கிறது. மருமகன் ஒன்றை வாடகைக்கு எடுத்து வந்திருந்தான், சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. திரையை மடக்கித் தரையோடு வைத்து எடுத்தாலும் ஃபோகஸ் வேகம் குறையவில்லை. உன் டி5300-இலும் மடக்கும் திரை உண்டு, ஆனால் திரை வழியாக எடுத்தால் ஃபோகஸ் மாட்டுவண்டி வேகம்தான்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உன் மூன்று படமும் பத்து மணிக்கு மேல் எடுத்தவை. காலை டிபனை முடித்துவிட்டுத்தான் கிளம்புகிறாய் என்று தெரிகிறது. பத்து மணிக்குத் தண்ணீருக்கு மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும். தூரத்துப் பறவையை எந்த லென்ஸில் எடுத்தாலும் தண்ணீருக்குள் பார்த்தது மாதிரிதான் இருக்கும். லென்ஸ் நீளமாக நீளமாக ஆட்டமும் கூடும். விடிந்ததிலிருந்து எட்டரை வரைதான் நம் நேரம்.

இனி லென்ஸ். இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. 2017-இல் நானும் உன்னை மாதிரித்தான் ஒரு நாள் கிளம்பிப் போய் நிக்கான் 200–500 வாங்கினேன். நல்ல லென்ஸ். எடை 2.3 கிலோ. முதல் மாசம் இங்கே பக்கத்தில் இருக்கும் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு ஏழெட்டு தடவை தூக்கிக்கொண்டு போனேன். அப்புறம் தோள் வலி, அப்புறம் 'இன்னைக்கு வேண்டாம்', அப்புறம் அதன் பையோடு பீரோவுக்குள் போய்விட்டது. இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடியில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை. கழற்றிச் சுத்தம் செய்ய நல்ல தொகை ஆனது. ஓரத்தில் ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது, எதிர்வெயிலில் எடுத்தால் மட்டும் காட்டிக்கொடுக்கும். இத்தனை வருஷம் லென்ஸ் துடைத்தே சோறு தின்றவனுக்கு நேர்ந்த கதி இது. நீ கடற்கரை ஊரில் இருக்கிறாய், இன்னும் மோசம். துணிப்பையிலோ தோல் உறையிலோ வைத்து மூடாதே. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூட ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். நாற்பது முதல் ஐம்பது சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். நீல ஜெல் ரோஸ் நிறமானால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். சமையல் வாணலியில் வறுக்காதே, தனியாக ஒன்று வைத்துக்கொள்.

'எட்டவில்லை' என்பதற்கும் கணக்கு இருக்கிறது. உன் கேமராவில் 300 மி.மீ. லென்ஸ் பழைய பிலிம் கணக்கில் 450 மாதிரி காட்டும். அது ஒன்றும் குறைச்சல் இல்லை. 600 போட்டால் பறவை இரண்டு மடங்கு பெரிதாகும். பாதித் தூரம் நெருங்கிப் போய் 300-இல் எடுத்தாலும் அதே அளவுதான் வரும். நெருங்குவது என்றால் துரத்திக்கொண்டு போவதில்லை. ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால், பயம் தெளிந்து அதுவே பக்கத்தில் வந்து மீன் பிடிக்கும். மடையான் என்கிற குளக்கொக்கு என் செருப்புக்கு ஆறடி தூரத்தில் நின்றிருக்கிறது.

நம் திருநெல்வேலியில் 1912-இல் பிறந்த காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் பிள்ளை. காட்டு யானைகளைக் கருப்பு வெள்ளையில் அப்படி எடுத்தவர், அங்கிருந்து ஒரு பாகம், இங்கிருந்து ஒரு பாகம் என்று தானே பூட்டிச் சேர்த்த கருவியை வைத்துத்தான் எடுத்தார். அதற்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் வைத்திருந்தார். நான் ஆட்டோஃபோகஸைப் பற்றி முனகும் நாட்களில் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

இவ்வளவு சொல்லியும் கை அரிக்கிறது என்றால், உன் தோள்பட்டை இருக்கும் நிலைக்கு 600 வேண்டவே வேண்டாம். கேனான் ஆர்7 பாடி, அதற்கு 100–400 லென்ஸ். லென்ஸ் 635 கிராம்தான். இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ. 400-இல் எஃப் 8 ஆகிவிடும், மசங்கின வெளிச்சத்தில் திணறும். அந்தக் குறை தெரிந்தே வாங்கு. டிரைபாட் பணத்தை மிச்சம் பிடி. பழையது வாங்குவதாக இருந்தால் டார்ச் அடித்துப் பூஞ்சை பார். எஃப் 16-இல் வானத்தை ஒரு படம் எடுத்து சென்சாரில் கறை இருக்கிறதா என்று பார். பில் இல்லாமல் தொடாதே.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய். பொங்கல் கழிந்து இங்கே வா. கூந்தன்குளம் இங்கிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. தண்ணீர் நின்றால் வரித்தலை வாத்து வந்திருக்கும். மஞ்சள் மூக்கு நாரை ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். பறவைக்காகத் தீபாவளிக்கு வேட்டுப் போடாத ஊர் அது, அதனால் கூட்டுக்குக் கீழே போய் நின்று சத்தம் போட நான் உன்னை விடமாட்டேன். தாய் எழுந்துவிட்டால் குஞ்சு வெயிலில் வாடும், முட்டையைக் காக்கா தூக்கிவிடும்.

லென்ஸைக் கேமராவில் பூட்டும் நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இலிருந்து அதே வளையம்தான், என் 200–500 உன் டி5300-இல் அப்படியே பூட்டும். இரண்டு காலை அதை நீ தூக்கிப் பார். உன் தோள் ஒத்துக்கொண்டால் தழும்போடு சேர்த்து நீயே எடுத்துக்கொண்டு போ, என்னிடம் அது சும்மாதான் கிடக்கிறது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊருக்குப் போய் அந்த 635 கிராமை வாங்கு.

என் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. வரும்போது சிலிக்கா ஜெல் ஒரு கிலோ வாங்கி வா, இங்கே சின்னப் பொட்டலமாகத்தான் கிடைக்கிறது. அந்த உரச்சாக்கை மறந்துவிடாதே.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்