கப்பல்கள் புறப்படுமுன் இஃபிஜீனியாவைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஹாலிவுட் தயாரிப்பாளர்களுக்கும் திரைக்கதை ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். பழைய கதையை மாற்றக் கூடாது என்று வாதாட இந்த மடலை எழுதவில்லை. பழங்கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸும் மாற்றினார். என் கோரிக்கை ஒன்றுதான்: கிரேக்கர்கள் டிராய் நகரின்மீது தொடுத்த போரைப் படமாக்கும்போது, கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னனின் மகள் இஃபிஜீனியாவை விட்டுவிடாதீர்கள்.

2004-இல் வந்த ‘டிராய்’ படத்தில் கடல் கொள்ளாத கப்பல்கள் வருகின்றன. அவற்றுக்குக் காற்று எப்படிக் கிடைத்தது? பழைய கதையில், கிரேக்கத்தின் ஆலிஸ் துறையில் காற்றில்லாமல் படை முடங்கிக் கிடக்கிறது. ஆர்ட்டெமிஸ் தெய்வத்தின் சினம் தணிய அரசன் தன் மகளையே பலியிட வேண்டும் என்கிறான் குறிசொல்லும் கால்கஸ். மாவீரன் அகிலீஸுக்கு மணமுடிப்பதாகப் பொய் சொல்லி மகளை வரவழைக்கிறான் அகமெம்னன். மணப்பெண்ணாக வந்தவளைப் பலிபீடத்தில் ஏற்றுகிறார்கள். படத்தில் இவள் பெயர்கூட இல்லை.

அதோடு விட்டீர்களா? அகமெம்னனை டிராயிலேயே பிரிசேயிஸ் என்ற டிராய்ப் பெண் குத்திக் கொன்றுவிடுகிறாள். மகளைப் பறிகொடுத்துப் பத்தாண்டு காத்திருந்த அவன் மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ராவுக்குக் கதையில் இடமே இல்லை. கி.மு. 458-இல் நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய, வீடு திரும்பும் அகமெம்னனை அவள் கொல்வதில் தொடங்கும் ‘ஓரெஸ்டியா’ நாடகத் தொடர் முழுவதும் அந்த ஒரு குத்தில் அழிகிறது. கிரேக்க நாடகம் கற்பிக்கும் எனக்கு இது வகுப்பில் வந்து நிற்கிறது. “அவன்தான் டிராயிலேயே செத்துவிட்டானே?” என்கிறார்கள் மாணவர்கள். கொன்றவள் மனைவி, காரணம் மகள் என்று சொன்னால், “எந்த மகள்?” என்று கேட்கிறார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை.

இறந்தோர் உலகை ஆளும் ஹேடீஸை 1997-இன் ‘ஹெர்குலிஸ்’ படத்திலும் 2010-இன் ‘கிளாஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்’ படத்திலும் கொடியவனாக்கினீர்கள். நோர்வேக் கடற்கதையின் கிராக்கன் என்ற பூதத்தைக் கிரேக்கக் கடலில் இறக்கினீர்கள். பூதங்களுக்குக் கிடைக்கும் நேரம் பெண்களின் துயரத்துக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை? ‘டிராய்’ படத்தில் அந்நகர அரசி ஹெகூபா இல்லை, அவள் மகள் கசாண்ட்ரா இல்லை. யாருக்காக அழ வேண்டும் என்று சொல்லாமல் ஒரு நகரத்தையே எரித்துக் காட்டுகிறீர்கள்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்தருள்க. முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை. கணினி வித்தை எதுவுமின்றி 1977-இல் இயக்குநர் மைக்கேல் கக்கோயானிஸ் ‘இஃபிஜீனியா’வை முழுப் படமாகவே எடுத்தார். வெயிலில் பொறுமையிழந்து கிடக்கும் படையும், தாயாக நடித்த ஐரீன் பாப்பாஸின் முகமும் அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

நீங்கள் முழுப் படம் எடுக்க வேண்டாம். அடுத்த டிராய்ப் படத்தில், பாய்மரம் விரியும் முன் ஆலிஸ் துறைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அகமெம்னனை உயிரோடு வீடு திரும்ப விடுங்கள். பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிரேக்க நாடகம் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்