மாப்பிள்ளையிடமே கேட்டுவிடு

அன்புள்ள தங்கைக்கு,

"செயற்கை சுவாசம் வேண்டாம்னு நான் கையெழுத்துப் போட்டால், நானே அவரைக் கொன்ற மாதிரி ஆகாதா அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். ஆகாது. வலிதணிப்புப் பிரிவில் நர்ஸாக இத்தனை வருடம் இருந்தும், சொந்தத் தங்கைக்கு இதை எழுதக் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

நிமோனியா போல் தேறக்கூடிய கோளாறு என்றால் வென்டிலேட்டர் உயிர் காக்கும், நுரையீரல் சரியாகும்வரை தாங்கிப் பிடிக்கும். மாப்பிள்ளைக்கு ஆனதுபோல் புற்றுநோய் கல்லீரல், எலும்பு என்று பரவிய பிறகு அது நோயை ஒன்றும் செய்யாது. தொண்டையில் குழாய் இருக்கும், பேச முடியாது. பெரும்பாலும் மயக்கத்திலேயே வைத்திருப்பார்கள். குழாயைப் பிடுங்காமல் இருக்கச் சில சமயம் கையையும் கட்டுவார்கள். இதயம் நின்றபின் நெஞ்சை அழுத்துவதும் சினிமாவில் காட்டுவது போல இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தவேண்டும். விலா எலும்பு முறிவது சகஜம். இந்த நிலைமையில் அதற்குப் பிறகு எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் அபூர்வம்.

அதற்காக நீ வேண்டாம் என்று சொல்லிவிடு என்கிறேன் என்று நினைக்காதே. மாப்பிள்ளை இன்னும் தெளிவாகப் பேசுகிறார். அவர் சொல்லட்டும், அதை டாக்டரிடம் எடுத்துச் சொல்வதுதான் உன் வேலை. இதெல்லாம் பேசினால் மனசு விட்டுவிடுவார் என்று உன் மாமியார் தடுக்கிறார், புரிகிறது. ஆனால் நான் பார்த்த நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் ராத்திரி முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டு படுத்திருப்பார்கள். பெண்டாட்டி அழுவாளே என்றுதான் வாயைத் திறப்பதில்லை.

எடுத்த எடுப்பில் வென்டிலேட்டர் வேண்டுமா என்று கேட்காதே. "எதை நினைச்சா உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்கு?" என்று ஆரம்பி. அப்புறம் மற்றதெல்லாம் வரும்: கடைசி நாட்களில் வீட்டிலா ஆஸ்பத்திரியிலா, பிள்ளைகளையே அடையாளம் தெரியாத நிலையிலும் சிகிச்சை தொடரட்டுமா, தன்னால் பேச முடியாதபோது யார் பேசவேண்டும். சொன்னதைத் தேதி போட்டு எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கு. சட்டப்படி செல்லுபடியாக என்ன படிவம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே விசாரி. அவருடைய அண்ணனிடமும் காட்டிவிடு. ஐசியூ வாசலில் சத்தம் போடுவது பெரும்பாலும் கடைசியாக வந்து சேரும் உறவுக்காரர்தான். தள்ளிப்போடாதே. இரத்தத்தில் கால்சியம் ஏறினாலோ கிருமி தொற்றினாலோ ஒரே ராத்திரியில் புத்தி குழம்பிவிடும்.

எங்கள் பிரிவுக்கு அனுப்பினால் கைகழுவிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது, 2010இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே வலிதணிப்பும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. ஆயுளும் கூடியிருந்தது: இடைநிலை அளவில், அதாவது பாதிப் பேர் தாண்டிய அளவில், 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம்.

பெரியவளிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடு. "உன்னால வந்தது இல்லை, உனக்கு ஒட்டிக்காது" என்பதையும் சேர்த்துச் சொல். அந்த வயதில் தான் கோபப்பட்டதால்தான் அப்பாவுக்கு இப்படி ஆச்சு என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வார்கள். அப்பா தூங்கப்போகிறார் என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம், அப்புறம் பிள்ளை தூங்கவே பயப்படும். ஒரு நிமிடம் அழுதுவிட்டு அடுத்த நிமிடம் விளையாடப் போய்விட்டால் மனசில்லாத பிள்ளை என்று எண்ணாதே. குழந்தைகள் அப்படித்தான், துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்வார்கள். சின்னவன் திரும்பப் படுக்கையை நனைக்க ஆரம்பிக்கலாம், திட்டாதே.

"ஏதாவது வேணும்னா சொல்லு" என்கிறவர்களிடம் உடனே ஒரு வேலையைக் கொடு. பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரட்டும், ஒரு ராத்திரி அவர் பக்கத்தில் உட்காரட்டும். நீ கதவைச் சாத்திக்கொண்டு தூங்கு.

மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் பயப்படாதே, சரியான அளவில் கொடுத்தால் அது உயிரைக் குறைக்காது. மலச்சிக்கல்தான் பாடாய்ப்படுத்தும். அதற்கான மாத்திரையையும் அன்றைக்கே கேட்டு வாங்கிவிடு. டாக்டர் அவசரத்தில் மறந்துவிடுவார்.

அக்கா