தடிக் கம்பி தீர்வல்ல

ஆசிரியருக்கு,

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு போகும் கியர் சைக்கிள்காரர்கள் பலருக்கும் பின்சக்கரப் போக்ஸ் கம்பி அறுவது தீராத தலைவலி. கடையில் சொல்லும் மருந்து ஒன்றுதான்: 'தடிக் கம்பி போட்டுடலாம்.' அது நோயைக் கூட்டும்.

அறுந்த துண்டைப் பாருங்கள். ஹப்பை (சக்கரத்தின் நடு உருளை) ஒட்டிய வளைவில் முறிந்திருந்தால், பெரும்பாலும் அது பாரம் தாங்காமல் போனதல்ல. தளர்வில் ஆடி ஆடி அசந்துபோனது. கேசட்டுக்கு (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) இடம்விட ஹப்பின் வலப்பக்க விளிம்பு உள்ளே தள்ளி நிற்பதால், ரிம் நடுவில் நிற்க வலக் கம்பிகளை இறுக்கமாக இழுக்க வேண்டும். வலப்பக்கம் 110 கிலோ இழுவை இருந்தால் இடப்பக்கம் 60 கிலோ அளவில்தான் நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் தரையைத் தொடும் இடத்தில் கம்பியின் இழுவை குறையும். தடிக் கம்பி இறுக்கும்போது குறைவாகவே நீள்வதால் சீக்கிரம் தொய்ந்துவிடும். நடுவில் மெலிந்த கம்பி (முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8) ரப்பர் போல் கொஞ்சம் கூடுதலாக நீண்டு, இழுவையை விடாமல் வைத்திருக்கும். இடப்பக்கத்துக்கு இதைவிட மெல்லியதும் போடலாம்.

மலைக்கு 32 கம்பி, மூன்று குறுக்கு கோர்வை (ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் குறுக்கே கடந்து ரிம்முக்குப் போவது) போதும். பழைய கேரியர் சைக்கிளில் பின்னால் 40 கம்பி இருந்தது மூட்டை ஏற்றுவதற்காக. டிஸ்க் பிரேக் இருந்தால் முன்சக்கரத்திலும் நேர்க்கோர்வை (கம்பிகள் குறுக்கிடாமல் ஹப்பிலிருந்து நேரே ரிம்முக்குப் போவது) கூடவே கூடாது. பிரேக்கின் முறுக்கு ஹப் வழியாகத்தான் ரிம்முக்குப் போகிறது, நேராக நிற்கும் கம்பியால் அதைத் தாங்க முடியாது.

நிப்பிள் (கம்பியை ரிம்மில் பிடிக்கும் சிறு திருகு) பித்தளையில் வாங்குங்கள். அலுமினியம் மிச்சப்படுத்துவது சில கிராம். மழையில் நனைந்து பூத்துப் பிடித்துக்கொண்டால் சாவி வழுக்கி முனை மழுங்கிவிடும். கம்பி நிப்பிளின் தலைப் பிளவு வரை எட்ட வேண்டும். குட்டையாக நின்றால் நிப்பிள் தலை தெறிக்கும். மரையில் ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் இறுக்கினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். அதனால் எண்ணெய் விட்டு, தேவைக்குச் சற்று மேலே திருப்பி, அந்த அளவு பின்னே விட வேண்டும்.

ரிம்மின் கோட்டம் எடுத்தபின் ஒரே பக்கத்து இணைக் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் பிடித்து நன்றாக நெருக்குங்கள். வளைவு ஹப்பில் படிந்து உட்காரும். பிறகு மறுபடி கோட்டம் பார்க்க வேண்டும். இந்த ஒரு வேலையைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ரிம் ஆடாமல் சுற்றுகிறது என்று மட்டும் பார்த்துச் சக்கரத்தை வாங்கிவராதீர்கள். இழுவை அளக்கும் கருவி கடையில் இல்லையென்றால், ஒரு பக்கத்துக் கம்பிகளை நகத்தால் சுண்டிக்கொண்டே வாருங்கள். சுருதி இறங்கும் கம்பிதான் அடுத்து அறும்.

வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்